கொப்பிக்கடைக்காரி

பொலிசுக்கு எதிரே என் கடை.
அடையாள அட்டை, பாஸ்புத்தகம், பிறப்புப் பத்திரம்,
ஒரு பக்கம் பத்து ரூபா.
தமிழில் அழுகிற யாராவது உள்ளே வந்தால்
கான்ஸ்டபிள் ரோட்டைத் தாண்டி வந்து
அக்கே, கொஞ்சம் வா என்பான்.
கூலி இல்லை. ஒரு பிளேன்டீ.

கொட்டாஞ்சேனையில் இது பதினோராவது வருடம்.
என் உதவி தேவைப்படாத ஒரே வாக்கியம்:
கெதர ப்ரஷ்ணயக்.
வீட்டுப் பிரச்சினை.
இரண்டு மொழியிலும் அதை
ஏற்கெனவே அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

இன்றைக்கு வந்தவள் ஜெயதர்ஷினி,
ஜிந்துப்பிட்டிப் பக்கம்.
இந்தப் புழுக்கத்தில் கழுத்தைச் சுற்றித் துவாய்.
வாங்கில் அவளுக்கு முன்னால்
போன் தொலைத்த ஒரு ஐயா.
எங்கே, எத்தனை மணிக்கு, உறை என்ன நிறம்,
சார்ஜன்ட் ஒவ்வொன்றாய்க் கேட்டு எழுதினார்.
போனுக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்,
அது ஏன் கோபித்துக்கொண்டு போனது
என்று கேட்கவில்லை.

அவளுடைய முறை.
அவன் குடிப்பானா?
நீ என்ன சொன்னாய்?
மூன்றாவது, கேள்வி இல்லை:
அவனையும் கூப்பிடுவோம்,
இரண்டு பேரையும் இருத்திப் பேசி அனுப்புவோம்.
இந்த வாங்கு ஆறடி இருக்கும்.
இதே வாங்கில் எத்தனையோ சோடிகளைப் பார்த்திருக்கிறேன்.
ஆறடி போதாது.

"கழுத்தை நெரிச்சவர்" என்றாள்.
குரல் மணலில் இழுபட்டது.
அந்த மரியாதை விகுதி சிங்களத்தில் வராது.
நல்லது, வராமல் போகட்டும்.

சார்ஜன்ட் என்னைப் பார்த்தார்.

ஐந்து வருடத்துக்கு முன், இதே மேசை,
வேறொருத்தி, இதே சொல்.
அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்து,
கடையின் ஞாபகம் வந்து,
பெல்லென் அல்லுவா என்றேன்.
கழுத்தில் பிடித்தான்.
ஒரு சொல்லைத்தான் மாற்றினேன்.
சமாதானமாய்ப் போகச் சொன்னார்கள்.
போனாள்.
அடுத்த மாரியில் அவள் தங்கச்சி வந்து
ஒரு பத்திரத்துக்கு ஆறு கொப்பி கேட்டாள்.
கண்ணாடியில் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும்.
வைத்தேன்.
ஆறு தரம் வெளிச்சம் போய் வந்தது.
காசு வாங்கவில்லை. அதனால் எதுவும் குறையவில்லை.

பெல்ல மிரிக்குவா.
இன்று சொன்னேன்.
அல்லுவா என்று போடுவோமே என்றார்.
இல்லை சேர், நெரித்தான்.
பேனை நின்றது.

மூலை மேசையில் கோப்புக்கு நூல் கோத்துக்கொண்டிருந்த
புதுப் பெண் கான்ஸ்டபிள் ஒருத்தி
எழும்பி வந்து கதிரையை இழுத்தாள்,
எதிரே அல்ல, பக்கத்தில்.
எத்தனை தரம்?
கண் இருண்டதா?
எச்சில் விழுங்க நோகுதா?
பிள்ளை இப்போது யாரிடம்?
வீட்டுத் திறப்பு அவனிடமும் இருக்கிறதா?
இந்தக் கேள்விகளைத் தமிழில் சொல்லிப் பழக்கமே இல்லை எனக்கு.
தடுமாறித் தடுமாறிச் சொன்னேன்.
ஜெயதர்ஷினி பதில் சொல்லிக்கொண்டே வந்து
கடைசியில் துவாயை எடுத்தாள்.
அதை நான் இங்கே எழுதவில்லை.
வைத்தியப் படிவத்தில் இருக்கும்.

"கெதர" என்று தொடங்கினார் சார்ஜன்ட்.
ஜீப் திறப்பு எங்கே சேர், என்றாள் அவள்.
ஜீப் இல்லை.
போன வருடக் கலண்டரைப் பார்த்தபடி
திரீவீலுக்குச் சொல்லு என்றார் அவர்.

வாக்குமூலம் சிங்களத்தில் ஒன்றரைப் பக்கம்.
கையெழுத்துக்கு முன்
வரி வரியாய்த் தமிழில் வாசித்தேன்.
ஓரிடத்தில் கையைக் காட்டினாள்:
"செவ்வாய் இல்லை அக்கா. திங்கள்."
வெட்டி, திருத்தி,
பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார்கள்.
பதினோரு வருடத்தில் முதல் தரமாக
ஒருத்தியின் திங்கட்கிழமை
திங்கட்கிழமையாகவே உள்ளே போனது.

பெரியாஸ்பத்திரிக்குத் திரீவீல் உறுமிக்கொண்டு நிற்க
முறைப்பாட்டு இலக்கம் எழுதிய துண்டோடு
கடைக்குள் ஓடி வந்தாள்.
எத்தனை கொப்பி?
"ரெண்டு" என்றாள்.
"ஒண்டு உங்களிட்ட இருக்கட்டும்."